சம்பந்தி பேசி முடிக்கும் முன்

என் அப்பா திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பொய் சொல்லமாட்டார், யாரிடமும் கைநீட்டமாட்டார். ஆனால் அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க அவருக்குத் தெரியாது. கரும்பலகை முன்னால் ஒரு பையன் தடுமாறினால், அவன் சொல்ல வந்ததைத் தானே சொல்லி, கூடவே ஒரு கேலியும் செய்வார். வகுப்பு சிரிக்கும். வீட்டில் அம்மாவும் நாங்கள் இரண்டு பெண்களும் பாதிப் பேச்சிலேயே நிறுத்திக்கொள்ளப் பழகியிருந்தோம்.

ஐம்பதுகளின் கடைசியில் அக்காவை ஸ்ரீரங்கத்தில் கட்டிக்கொடுத்தோம். உறையூரில் எங்கள் வீட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டிவிட்டால் அவர்கள் வீடு. மாப்பிள்ளையின் அப்பா சாதுவான மனிதர்; திக்குவாய். கல்யாணத்துக்கு மறுநாள் அவர்கள் வீட்டு விருந்தில் ஒவ்வொரு இலையாக விசாரித்துக்கொண்டே வந்தவர், அப்பா முன்னால் நின்று, "இன்னும் கொ... கொ..." என்று திணறினார். அப்பா பக்கத்து இலைக்காரரிடம், "சம்பந்தி சொல்லி முடிக்கறதுக்குள்ள ராத்திரிச் சாப்பாடே வந்துடும்போல" என்றார். பந்தியே சிரித்தது. சம்பந்தியும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

மாப்பிள்ளை அதைக் கேட்டுவிட்டார். நாங்கள் கிளம்பும்போது அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கட்டும் அத்தை. அப்பறம் நாங்க வந்து போறோம்" என்றார்.

"தமாஷுக்குச் சொன்னதுக்கெல்லாமா மன்னிப்பு?" என்றார் அப்பா. அக்காவின் வளைகாப்பு எங்கள் வீட்டில் நடக்கவில்லை. குழந்தையும் அங்கேதான் பிறந்தது. அம்மா கோயிலுக்குப் போகிற சாக்கில், தாயார் சன்னதிப் பக்கம் அக்காவையும் பேரனையும் பார்த்துவிட்டு வருவாள். வந்ததும் தன் தோளை மோந்து பார்த்து, "பால் வாசனை இன்னும் இருக்குடி" என்பாள்.

சில வருஷங்களில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா பள்ளிக்கூடம் போன பிறகு அக்கா மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போவாள். அம்மாவுக்கு அது போதவில்லை. "எல்லாரும் ஒருதடவை இந்த வீட்ல ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடணும்" என்று அப்பாவிடம் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அப்பா குறுக்கிடவில்லை. நான் பார்த்து அது ஒருமுறைதான்.

மறுநாள் காலை சலவை வேட்டி கட்டி, மலை வாழைப்பழம் வாங்கிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். பஸ்ஸில் அவர் உதடு அசைந்துகொண்டே வந்தது. "என்னை மன்னிச்சிடுங்க" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தி வாசலுக்கே வந்துவிட்டார். பதற்றத்தில் வழக்கத்தைவிட அதிகமாகத் திக்கியது. "வா... வாங்க... உ... உ..."

"உட்காருங்கன்னு சொல்றீங்க. புரியுது, புரியுது" என்றார் அப்பா.

சம்பந்தி வாயை மூடிக்கொண்டார். பின்னால் நின்ற மாப்பிள்ளை முன்னால் வந்தார். "எங்கப்பா சொல்லி முடிக்கட்டுமே மாமா. அந்த ஒரு நிமிஷம்கூடவா உங்களால நிக்க முடியல?"

"உதவியாத்தானே சொன்னேன்" என்றார் அப்பா.

"பரவால்ல. போயிட்டு வாங்க."

உள்ளே குழந்தையைப் பிடித்தபடி நின்ற அக்கா எங்களைப் பார்த்தாள், வெளியே வரவில்லை.

திரும்பும்போது பாலத்தின் மேல் அப்பா கேட்டார்: "நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" வீம்புக்குக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. நல்லபடியாக நடந்துகொள்ள வேண்டும் என்றுதான் அன்று வீட்டைவிட்டுக் கிளம்பினார். வாழ்நாளெல்லாம் பழகாத பொறுமையை அந்த வாசலில் வரவழைக்க அவரால் முடியவில்லை.

ஆடி பிறப்பதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். அதற்கு ஸ்ரீரங்கத்திலிருந்து எல்லாரும் வந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அப்பாவிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் போனார்கள்.

அடுத்த வருஷம் மாப்பிள்ளைக்கு வடக்கே மாற்றலானது. அக்கா ரயிலேறும் அன்று வழியனுப்ப ஜங்ஷனுக்குக் கிளம்பிய நான் அப்பாவையும் கூப்பிட்டேன். சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு வந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போயிட்டு வாம்மா. நான் வந்தா அங்கயும் ஏதாவது பேசிடுவேன்."

நான் திரும்பி வந்தபோதும் சட்டையைக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ரயில் நேரத்துக்குக் கிளம்பியதா என்று மட்டும் கேட்டார்.