வாயை மூட வைத்தவர்

யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து வந்த அந்த அம்மாவின் பெயர் இப்போது நினைவில் இல்லை. வெயிலில் கறுத்த முகம். பேசும்போது சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொள்வார். கனடாவில் அகதி விசாரணையின்போது அவருடைய மகன் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லையாம். அவனைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். அதிகாரிக்கு ஆங்கிலத்தில் கடிதம் வேண்டும்.

தொழில்நுட்பக் கல்லூரி முடித்த நான் அப்போது வீட்டில் பிறருக்குக் கடிதங்கள் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பேசாதவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை வரிசையாக எழுதினேன்: சைலன்ட், குவையட், ஹஷ்ட், சைலன்ஸ்ட். முதல் இரண்டும் தானாகப் பேசாதவன்; மற்ற இரண்டும் பேசவிடாமல் தடுக்கப்பட்டவன் என்று விளக்கினேன்.

“யாரோ பயமுறுத்தி வாயை அடைச்சவை எண்டு எழுதினால் நல்லது, அம்மா.”

“ஒருத்தருமில்லைப் பிள்ளை, நான்தான். அவன் சின்னனிலை சரியான வாயாடி. ஆமிச் செக்பொயின்ரிலை உளறிப்போடுவான் எண்டு அடிச்சு அடிச்சு மூடப் பண்ணினனான். இப்பவும் அதிகாரியைக் கண்டால் வாய் திறவான்.”

“அப்பிடி எழுதினால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

“படிச்ச பிள்ளை, சொன்னதை எழுதன். கடிதத்திலை ஒரு கொப்பி அவனுக்கும் போகோணும்.”

அவர் சொன்னபடியே எழுதினேன். அந்தக் கடிதத்தை அதிகாரிக்கு எழுதினேனா, மகனுக்கு எழுதினேனா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.