சுவருக்குள் கேட்ட பாட்டு

வௌவால் எச்சமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை முகத்தில் அடிக்கும்போதுதான், அன்றைய பள்ளிக்கூடம் முடிந்துவிட்டதென்று எனக்கு உறைக்கும். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தார். மட்டக்களப்புக் கோட்டைக்குள் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா, மாலையில் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றி நாவற்குடாவிலுள்ள வீட்டுக்குக் கூட்டிப்போகும்வரை, இடிந்த கொத்தளங்களில் தனியே அலைவேன். "வாவிப் பக்கம் போகாத மகள்" என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொன்னதில்லை.

மாரிகாலத்தில் ஒருநாள், மழைக்கு ஒதுங்க மதிலடியில் இருந்த வளைகூரை அறைக்குள் நுழைந்தேன். ஒல்லாந்தர் வெடிமருந்து வைத்த அந்த இடத்தைக் காவலாளிகள் "மருந்தறை" என்பார்கள். காற்று கதவை அறைந்து சாத்தியது. ஈரத்தில் ஊதிப்போயிருந்த பலகை அதன்பிறகு அசையவே இல்லை. தள்ளினேன், உதைத்தேன், அப்பாவைக் கூப்பிட்டேன். அவருடைய அலுவலகம் கோட்டையின் மறுபக்கத்தில். அழுது களைத்தபோது, சுவர்த் துவாரத்தின் வழியே, பக்கத்துத் தேவாலயத்தில் பெண்கள் பாடிப் பழகுவது கேட்டது. அம்மா மீன் ஆயும்போது முணுமுணுக்கும் அதே பாட்டு. என்ன நினைத்தேனோ, துவாரத்தில் வாயை வைத்து நானும் பாடத் தொடங்கினேன். அவர்கள் நடுவில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு நிறுத்தப் பயமாக இருந்தது.

"இஞ்ச ஆரோ ஒரு புள்ள பாடுதுகா!" என்று வெளியே ஒரு குரல் கேட்டது.

கதவை நெம்பித் திறந்த பெண்களில் மூத்தவர், சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்து, "உங்கட அம்மா எங்க புள்ள?" என்றார்.

"குவைத்தில."

அவர் என் கையைப் பிடித்து அப்பாவின் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்.

"அம்மாட்டச் சொல்லிராத. அங்க இருந்து அழுவா," என்றார் அப்பா, சைக்கிளை மிதித்தபடி. வெள்ளிக்கிழமைகளில் அம்மா தொலைபேசியில் பேசும்போது பள்ளிக்கூடக் கதைகளையே சொன்னேன். அவர் திரும்பி வந்தபோது நான் அவரைவிட உயரமாக வளர்ந்திருந்தேன். மனதில் இருப்பதை அவரிடம் சொல்லும் வழக்கமும் விட்டுப்போயிருந்தது.

சென்ற மாதம் அம்மாவைக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். அப்பா இப்போது உயிரோடு இல்லை, அவருடைய அலுவலகமும் இடம் மாறிவிட்டது. அன்று பாடிய பெண்களில் ஒருவரும் இப்போது ஊரில் இல்லையாம். அந்த அறைக்குக் கதவும் இல்லை, நிலையும் இல்லை. அதன் வாசலில் நின்றுதான் நடந்ததை முதன்முதலாகச் சொன்னேன். அம்மா குனிந்து உள்ளே போனார். நானும் பின்னால் போகப் பார்த்தேன்.

"நீ நில்லு புள்ள. நான் கொஞ்சம் இருந்திட்டு வாறன்," என்றார்.

உள்ளேயிருந்து அந்தப் பாட்டு வருமா என்று காதைத் தீட்டினேன். வெயில் ஏறும்வரை வாசலிலேயே நின்றேன்.