மஞ்சள் தூணுக்கு உடைச்ச தேங்காய்

உனக்கேனடி இந்த விடுப்புக் கதையெல்லாம்? சரி, கேட்டுத் துலை.

இஞ்ச டென்மார்க்கில, மகளின்ர புதுக் காரில ஹேர்னிங்கில இருந்து பிரெடெரீசியாவுக்குப் போறம். வயலோரம், தலையில சின்னக் கூரை வைச்ச மஞ்சள் தூண் ஒண்டு நிக்குது. எனக்கு எங்கட ஊரில வழியோரம் நிக்கிற வைரவராத்தான் தெரியுது. காருக்கு இன்னும் தேங்காய் உடைக்கேல்லை. "நிப்பாட்டு பிள்ளை" எண்டு இறங்கி, பையில கொண்டுவந்த தேங்காயைத் தூணடியில உடைச்சுக் கற்பூரமும் கொளுத்துறன்.

உழவு மெசினில இருந்து குதிச்ச டெனிஸ் கமக்காரன் ஓடிவந்து, கற்பூரத்தை மிதிச்சு அணைச்சுப்போட்டுப் படபடவெண்டு கதைக்கிறான்.

"அம்மா, இதுக்குக் கீழ குழாயில பெற்றோல் வடிக்கிற மசகு எண்ணெய் ஓடுதாம்," எண்டுறாள் மகள். "வடகடலில எடுத்து, இதால கொண்டுபோய், கப்பலில வெளிநாட்டுக்கு ஏத்துறதாம். தூண் அதுக்கு அடையாளமாம். இதில நெருப்பு வைக்கலாமோ எண்டு கேக்கிறார்."

"சாமியெண்டு நினைச்சன் எண்டு சொல்லு."

"நான் சொல்லமாட்டன். வெக்கம்!"

எனக்கும் தலை நிமிருதில்லை. குனிஞ்சு தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கி, ஒரு பாதியை அவனிட்ட நீட்டுறன். பாவி, சிரிச்சுக்கொண்டு வாங்குறான். அதுதான் கூட வெக்கம்.

காருக்குத் தேங்காய் எங்க உடைச்சது எண்டு கேட்ட பக்கத்து வீட்டுத் தமிழாக்களுக்கு என்னத்தைச் சொல்லுறது? "வழியில ஒரு வைரவர். நல்ல புதுமையான சாமி, கேட்டதெல்லாம் குடுக்கும். கற்பூரம் மட்டும் கொளுத்த விடமாட்டினம்" எண்டு சொல்லிப்போட்டன். இப்ப எல்லாரும் வழி கேக்கினம்.