ஆறு டிகிரி

குளிர்ப்பெட்டியைத் திறக்குமுன் ஒருமுறை எண்ணைப் பார்க்கிறாள். ஆறு டிகிரி. மூடியபின் மறுபடி பார்க்கிறாள். ஆறுதான். கொளுத்தும் வெயிலிலும் கம்பளிச் சட்டையைக் கழற்றாததால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'ஐஸ் அக்கா' என்று பெயர்.

உள்ளே இருப்பவை பனிக்கடல் மீன் ஒன்றின் செவுளிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள். அந்த உறைகுளிரில் தீனியும் குறைந்தால், ஓர் உயிர் எதை எரித்துக் காலம் தள்ளுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதற்காக எட்டு மாதமாகச் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஐந்து குடுவைகளைப் பழக்கியிருந்தாள். "எம் புள்ளகூட சாப்பாட்டுக்கு இவ்ளோ படுத்தினதில்ல" என்பாள். ஐந்தில் ஒன்றைக் காலி பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்துவைப்பாள். "வீட்ல பிஸ்கட்டும் இப்படித்தான். அவர் கண்ணுல பட்டா மிஞ்சாது."

கதவில் மூன்று அறிவிப்புகள். 'தயவுசெய்து தொடாதீர்கள்.' 'தொடாதீர்கள்.' மூன்றாவதில் மரியாதையே இல்லை. போன வாரம் அதையும் தாண்டி உள்ளே ஒரு ஜூஸ் பாட்டில் குளிர்ந்துகொண்டிருந்தது.

இன்று திறந்தால் முன்வரிசை காலி. பக்கத்து மேசைக்காரர் முகமலர்ச்சியோடு வந்தார். மனிதக் கல்லீரல் செல்களோடு இருபது வருடம் குப்பை கொட்டியவர்.

"நேத்து சாயங்காலம் நான்தாம்மா எடுத்து முப்பத்தேழு டிகிரில, நம்ம உடம்புச் சூட்டுல வெச்சேன். யாரோ மறந்துபோய்க் குளிர்ல விட்டுட்டாங்க, பாவம்."

"ஐயோ சார், அது மீன் சார்! கதவுல நோட்டீஸ் பாக்கலையா?"

"அது ஜூஸ் வெக்கிறவங்களுக்குன்னு நெனச்சேன்."

நான்கு குடுவைகளையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். அடியில் ஒட்டியிருக்க வேண்டிய செல்கள் உருண்டு திரண்டு மிதந்தன. உறையவைத்த பழைய செல்கள் இருக்கின்றன. ஆனால் எட்டு மாதப் பழக்கம் அவற்றுக்கு ஏது? நல்லது செய்த திருப்தியோடு எதிரே நிற்கும் மனிதரை எந்த வாயால் திட்டுவது?

சட்டென்று ஞாபகம் வந்து, காலி பாட்டில்களுக்குப் பின்னால் கையை விட்டாள். ஐந்தாவது இருந்தது. லென்ஸுக்கடியில் செல்கள் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தன. "தப்பிச்சீங்கடி" என்றாள்.

குடுவையைத் திரும்ப உள்ளே வைத்து மூடினாள். எண்ணைப் பார்த்தாள்.

"நாலாவதா ஒரு நோட்டீஸ் நான் எழுதித் தரட்டுமாம்மா?" என்றார் அவர், கையைப் பிசைந்துகொண்டு.

தன் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து, குளிர்ப்பெட்டியின் கதவில் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொண்டாள்.