பஞ்சுமிட்டாய்ப் போதகரின் மூன்றாவது ஜெபம்

நேரில் எல்லோரும் போதகரை ஐயா என்பார்கள். அவர் முதுகு திரும்பியதும் பஞ்சுமிட்டாய் என்பார்கள். முடிதிருத்துகிறவர் வைத்த பெயர் அது. "வாயில வைக்கிற வரைக்கும் தலையணை மாதிரி இருக்கும்பா. வெச்சா ஒண்ணும் இருக்காது. நாக்குல கலர்தான் மிச்சம்" என்று விளக்கம் வேறு சொன்னார். பெயர் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது.

ஆள் பார்க்க லட்சணம்தான். நரைத்த தலையில் ஒரு மயிர் பிசகாது. அங்கியில் இஸ்திரி மடிப்புக் கலையாது. குரல் இருக்கிறதே, அது வெண்ணெய். அந்த வெண்ணெயைத் தடவியே பாதி ஆயுளை ஓட்டிவிட்டார்.

விசுவாசம் அவரை விட்டுப் போனது சண்டை போட்டுக்கொண்டு அல்ல. வாடகைக்கு இருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்த மாதிரி போய்விட்டது. ஒருநாள் காலையில் சவரம் செய்துகொண்டே ஜெபித்தார். கேட்க அந்தப் பக்கம் ஆளில்லை என்று பட்டது. நுரையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போனார். மானமுள்ளவன் என்றால் அன்றைக்கே அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டியிருப்பான். இவருக்குச் சபை கொடுத்த வீடு இருந்தது. அதில் கைவைத்த நாற்காலி இருந்தது. தெருவில் போனால் எழுந்து நிற்கிற ஜனம் இருந்தது. அதனால் உள்ளே கடையைச் சாத்திவிட்டு, வெளியே பலகையை மட்டும் தொங்கவிட்டார்.

தொழிலுக்கு அவரிடம் இரண்டு ஜெபங்கள் இருந்தன. ஒன்று படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு, இன்னொன்று பெட்டியில் கிடக்கிறவர்களுக்கு. இரண்டும் நெற்றியில் கைவைத்துத்தான் தொடங்கும். கண்ணை மூடினால் போதும், வாய் அதுபாட்டுக்கு ஓடும். அவர் மத்தியானச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருக்கலாம்.

இப்படி இருக்கையில் பூட்டுக்காரரின் மனைவி வயிற்றில் கட்டியோடு ஆஸ்பத்திரியில் படுத்தாள். பூட்டுக்காரர் கடைத்தெருவில் சாவி செய்து கொடுப்பவர். வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். அவருக்குச் சாமி பூதம் எதுவும் கிடையாது. அவளுக்காகத்தான் போதகர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

போதகர் ஆஸ்பத்திரிக்குப் போவதிலும் ஒரு கணக்கு வைத்திருந்தார். பார்க்க வந்தவர்களைக் கிளம்பச் சொல்லி மணி அடிப்பதற்குச் சற்று முன்னால்தான் உள்ளே நுழைவார். கைவைப்பார், ஜெபிப்பார், மணி அடிக்கும், கிளம்புவார். அன்றைக்கு அவர் போதாத காலம், மணி அடிக்கிறவள் எங்கேயோ பேசிக்கொண்டு நின்றுவிட்டாள். ஜெபம் முடிந்தது. மணியைக் காணோம்.

படுக்கையில் கிடந்தவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, ஒண்ணு கேக்கணும். செத்ததுக்கு அப்புறம் நான் எங்க போவேன்? பாடம் ஒப்பிக்காதீங்க. உங்களுக்கு என்ன தெரியுமோ அத மட்டும் சொல்லுங்க. எனக்கு ரொம்ப பயமா இருக்கு."

பக்கத்தில் பூட்டுக்காரர் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

போதகர் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தார். சொட்டுச் சொட்டாக இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் மணி அடித்தது. "ஓய்வெடுங்கம்மா" என்று கையை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். படியில் இறங்கும்போது அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த வாரமே அவள் செத்துப்போனாள்.

ஆலயத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். போதகர் நெற்றியில் கைவைத்தார். அதே நெற்றி. கண்ணை மூடியதும் பாட்டில் சொட்டுகிறது, அவள் கேட்கிறாள். வாயோ தன் பாட்டுக்குத் திறந்து, முதல் ஜெபத்தை எடுத்துக்கொண்டது.

"இந்தச் சகோதரியைத் தொட்டுச் சுகமாக்கும். மருத்துவர்களின் கைகளை ஆசீர்வதியும். இவர் எழுந்து, தன் காலால் நடந்து, வீடு போய்ச் சேரட்டும்."

முடிதிருத்துகிறவர் இருமினார். போதகர் கண்ணைத் திறந்தார். பூட்டுக்காரர் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்த மனிதர், மனைவியின் இமையையே பார்த்துக்கொண்டிருந்தார், அது அசையுமா என்று. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போதகர் ஆமென் சொல்லிவிட்டு, தடங்கல் இல்லாமல் இரண்டாவது ஜெபத்துக்குப் போனார். அவ்வளவு பழக்கம்.

வீட்டில் மனைவி தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, செத்தவங்களுக்கா சுகம் கேட்டீங்க?"

"வாய் தவறிடுச்சு."

"வாய் எங்க தவறுச்சு? வாய் மட்டும்தான் அங்க இருந்துச்சு."

அதற்குப் பிறகு போதகருக்குச் சோறு இறங்கவில்லை. செத்துப்போனவளுக்காக என்று நினைத்துவிட வேண்டாம். தன் கடை சாத்திக் கிடப்பது தெருவுக்குத் தெரிந்துவிட்டதோ என்ற நடுக்கம். யாரிடமாவது கொட்ட வேண்டும் போல் இருந்தது. ஊரில் இத்தனை பேர் இருக்க, மனிதர் நேராகப் போய் உட்கார்ந்தது பூட்டுக்காரர் கடை முக்காலியில். சாமி இல்லாதவனுக்குத்தான் புரியும் என்று நினைத்தாராம்.

பூட்டுக்காரர் ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். போதகர் எல்லாவற்றையும் சொன்னார். சவரம், நுரை, கேட்க ஆளில்லாதது, எல்லாம். சொல்லிவிட்டு அழுதார்.

அரம் நின்றது. "இத எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

"மனசு பாரமா இருக்கு. தாங்க முடியல."

"என் பொண்டாட்டிய புதைச்ச மண்ணு காயல. நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லணும். அப்படித்தான?"

போதகர் தலையைக் குனிந்துகொண்டார்.

பூட்டுக்காரர் சாவியை ஊதினார். தூள் பறந்தது. "அன்னிக்கு அவ கேட்டாளே, அப்ப இத சொல்லியிருக்கலாமேய்யா. 'எனக்கும் தெரியாதும்மா, எனக்கும் பயமா இருக்கு'ன்னு. அவளுக்கு ஒரு துணை கிடைச்சிருக்கும். கடைசி வரைக்கும் 'ஐயா ஏன் பாட்டிலயே பாத்தாரு'ன்னு கேட்டுட்டே இருந்தா. நான் என்னத்த சொல்ல?" அரத்தை எடுத்தார். "கிளம்புங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."

போதகர் எழுந்து நடந்தார். நெஞ்சில் அறை விழுந்ததுபோல்தான் இருந்தது. அது உண்மை. தெருமுனை வரைக்கும் உண்மை. முனை திரும்பியதும் அந்த வார்த்தையை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். எனக்கும் பயமா இருக்கும்மா. குரல் நன்றாக உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் நின்று அதைச் சொன்னார். "மரணப் படுக்கையில் ஒரு தாய் என்னிடம் கேட்டார். நான் அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், எனக்கும் பயமாக இருக்கிறதம்மா என்று." அங்கே கொஞ்சம் நிறுத்தினார். பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். முடிதிருத்துகிறவர்கூட மூக்கை உறிஞ்சினார். இத்தனை வருஷத்தில் போதகர் பேச்சுக்கு ஜனம் அழுதது அதுதான் முதல் தடவை.

செத்துப்போன மனைவியின் பெயரில் நன்றி ஜெபம் உண்டு என்று சபையிலிருந்து சொல்லி அனுப்பியிருந்ததால், பூட்டுக்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார். சத்தம் போடுவார் என்று போதகர் மேடைக் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். அவர் சத்தம் போடவில்லை. வாசலில் நின்று நல்ல பெரிய தும்மலாக ஒன்றை வேண்டுமென்றே வரவழைத்துத் தும்மிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது போதகரிடம் மூன்று ஜெபங்கள். ஆஸ்பத்திரியில் மணி அடித்த பிறகும் இருக்கிறார். அவர் வந்தால்தான் ஆறுதல் என்று ஜனங்கள் வண்டி வைத்து அழைத்துப் போகிறார்கள். நோயாளியின் கையைப் பிடித்து, "எனக்கும் பயமா இருக்கும்மா" என்கிறார். அவர்கள் அழுகிறார்கள், தேறுகிறார்கள். அவருக்கு இப்போதெல்லாம் பயமாகவும் இல்லை. அந்த நேரத்தில் அவர் மத்தியானச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருக்கிறார்.