டப் என்றால் பொத்தானை அமுக்கு

திருத்தங்கலில் நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் என் பொறுப்பு. காலண்டர்த் தாள்களைக் கட்டுக் கட்டாக வெட்டும் மெஷின். கொஞ்சம் அசந்தால் விரல் போய்விடும். முதலாளிக்குத் திடீரென்று பாதுகாப்பு ஞானம் வந்து, சென்னையிலிருந்து ஓர் அதிகாரியை வரவழைத்து எங்களுக்குப் பரீட்சை வைத்தார். தோற்றவர்கள் பைண்டிங்குக்குப் போய்ப் பசை தடவ வேண்டும். அந்த மெஷினுக்காக நான் எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். பசை தடவவா?

பரீட்சை சின்னதுதான். ஒரு பெட்டி 'டப்' என்று சத்தம் போடும். கேட்டதும் பொத்தானை அமுக்க வேண்டும்.

அன்று பார்த்து எனக்குச் சளி. மதினி கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனேன். ஏசி அறை, மெத்தை நாற்காலி. பெட்டி முன்னால் மரியாதையாகக் காத்திருந்தேன். எங்கோ டப், டப் என்று கேட்டது. பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்க்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். அந்தச் சத்தத்துக்கெல்லாம் வெளியூர்க்காரர்கள்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

கடைசியில் நானே கேட்டேன். "எப்ப சார் ஆரம்பிப்பீக?"

"முடிஞ்சே போச்சும்மா," என்றார் அதிகாரி.

மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். மூளையை விழிப்பாக வைத்திருக்கும் ரசாயனத்தை அது அமுக்கிவிடும், கையும் மெதுவாகிவிடும் என்று விளக்கினார். பழியெல்லாம் மாத்திரை தலையில் விழுந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. மறுநாளும் வரச் சொன்னார்.

மறுநாள் மாத்திரை இல்லை. அதற்குப் பதிலாக ஸ்ட்ராங் டீ, ஒன்றன் மேல் ஒன்றாக. விரலெல்லாம் துறுதுறு என்றது. பெட்டி டப் என்றால் அமுக்கினேன். பக்கத்துக் கம்பெனி டப் என்றாலும் அமுக்கினேன். யாரோ கதவைச் சாத்தியதற்கும் ஓர் அமுக்கு.

"நான் கொடுத்த சத்தத்தைவிட நீங்க அமுக்கினது அதிகமா இருக்கே. டீயும் மருந்து மாதிரிதாம்மா, அளவு இருக்கு."

"ஒங்க பெட்டியும் எங்க ஊரு மாதிரியே வெடிச்சா நான் என்ன சார் செய்ய?" எனக்குச் சுள்ளென்று வந்தது.

அப்போது சாத்தூர் ரோட்டுப் பக்கமிருந்து கனமாக ஒரு சத்தம். அதிகாரிக்கு அதுவும் இன்னொரு டப். இதற்கும் அமுக்குகிறேனா என்று பார்க்கத் திரும்பினார். நாற்காலியில் நான் இல்லை. வாசலில் நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்த ரோட்டில்தான் பட்டாசுக் கம்பெனியில் வேலை. ரிங் போய்க்கொண்டே இருந்தது. என் உயிர் என்னிடம் இல்லை.

"லாரி டயரு வெடிச்சிருக்கு. நான் வெளியதான் நிக்கேன்," என்றார் ஒருவழியாக. "பாஸாயிட்டியா?"

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால், பிரஸ்ஸில் ஒரு மெஷினும் ஓடவில்லை. பைண்டிங் பெண்கள், லோடு ஏற்றுகிறவர்கள், முதலாளி, எல்லார் காதிலும் போன். அதிகாரி மட்டும் பெட்டியோடு நின்றார்.

"யாருக்கும்மா எல்லாரும் போன் பண்றாங்க?"

"அவங்கவங்க வீட்டு ஆளுக்கு சார்."

அவர் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, என்னைக் கட்டிங் மெஷினுக்கே போகச் சொன்னார்.