ஏரம்பண்ணையின் கசெட் பெட்டி

கத்தரிக்காய் வாங்கப் போனாலும் கூடையைக் கவிழ்த்துப் பார்க்கிற மனுசன் ஏரம்பண்ணை. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் அவருக்கு அடுத்த வீட்டு வளவு எனது. அதனால் அவர் எதை வாங்கப் போனாலும் துணைக்கு இழுபடுவது என் தலைவிதி. சண்டை நடந்த தொண்ணூற்றிரண்டில் கசெட் பதிகிற பெட்டி வாங்கவும் நான்தான் போனேன்.

அவர் மனைவி பூரணமக்காவை, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரே மகன் கனடாவில். அவனுக்கு வர வழியில்லை. தாயின் குரலையாவது அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தான்.

றேடியோ திருத்துகிற தேவராஜாவிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. பெரியது பளபளவென்று, மைக் உள்ளேயே இருந்தது. சின்னது கீறல் விழுந்த கறுப்புப் பெட்டி. ஆனால் வெளி மைக் செருக ஓர் ஓட்டை உண்டு. நான் பெரியதைக் காட்டினேன்.

“உனக்கென்ன விசரே?” என்றார் அண்ணை. “கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிள் டைனமோவிலைதான் ஓடவேணும். மைக் உள்ளுக்கை இருந்தால் சுத்திற சில்லுச் சத்தமெல்லோ பதியும்.”

சின்னதையே வாங்கினார். மைக்குக்கு நீள வயரும் பூட்டுவித்தார். சைக்கிளும் பெட்டியும் முற்றத்தில் நின்றன. மைக் யன்னல் வழியே அக்காவின் தலையணைக்குப் போனது. மிதிக்க என்னை விடவில்லை. அக்கா கதைத்து முடிக்கும்வரை தானே மிதித்தார். அந்தக் கிழமை முடியுமுன்னே அக்கா போய்விட்டார்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு ஜெனரேற்றர் வாடகைக்கு வந்தது. அனுப்புமுன் எல்லோரும் கேட்கட்டும் என்று அண்ணை கசெட்டைப் போட்டார்.

“மோனை, சாப்பிட்டியே?”

அக்காவேதான். வந்திருந்த சனம் அழுதது. ஆனால் முடிவில் குரல் மெலிந்து, கீச்சுக்கீச்சென்று ஓடியது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

தேவராஜா தயங்கித் தயங்கிச் சொன்னார். “மிதி குறைஞ்சால் நாடா மெதுவாச் சுத்திப் பதியும் அண்ணை. பிறகு சரியான வேகத்திலை போட்டால் இப்பிடித்தான் பறக்கும்.”

“அந்த இடத்திலைதான் எனக்குக் கால் ஓடேல்லை,” என்றார் ஏரம்பண்ணை.

கசெட்டை அவர் அனுப்பவில்லை. மகன் கேட்டுக்கேட்டு ஓய்ந்தான். எனக்கு அண்ணையில் பொல்லாத கோபம். ஒருநாள் கேட்டுவிடுவோம் என்று வேலி ஓட்டைக்குள்ளால் நுழைந்தேன். அவர் முற்றத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். கசெட் ஓடியது.

“பெடியனுக்கு ஏன் அனுப்பேல்லை?” என்றேன்.

“அங்கை கரண்டிலை போட்டால் கடைசியிலை அவள் இருக்கமாட்டாள்.”

அந்த இடம் வந்தது. அண்ணை மிதியைத் தளர்த்தினார். கீச்சுக்குரல் மெல்ல இறங்கிப் பூரணமக்காவின் குரலானது.

“மோனை, அப்பாவைத் தனிய விட்டிடாதை. உன்னட்டைக் கூப்பிடு.”